சங்கு ஊதும் முன் ஒரு பெயர்: லிங்கிப் பயணம்

தம்பின் சந்தையைப் பற்றி நான் எழுதியதைப் படித்த சிலர், லிங்கிப் பக்கத்துத் தோட்டங்களுக்கு எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறார்கள். நான் போனது தொண்ணூறுகளின் நடுவில், மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் அக்கா கணவர் முனியாண்டி மாமாவை, சிரம்பான் ரஹாங்கில் இருந்த என் வீட்டுக்கு அழைத்துவரப் போனேன்.

சிரம்பானில் காலை எட்டு மணிக்கு பஸ். லிங்கி சுமார் நாற்பது கிலோமீட்டர், கட்டணம் மூன்று வெள்ளிக்குள் (ரிங்கிட்). ரந்தாவ் தாண்டினால் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான், வேறெதையும் எதிர்பார்க்காதீர்கள். லிங்கியிலிருந்து தோட்டத்துக்கு டாக்சிக்காரர் ஐந்து வெள்ளி கேட்டார். பேரம் பேசும் மனநிலையில் நான் இல்லை. எந்தத் தோட்டம் என்று தெரிந்ததும் அவரும் ரேடியோவை அணைத்துவிட்டார்.

நடந்தது இதுதான். தோட்டத்து எண்ணெய் ஆலைக்குப் புதிதாகத் தானியங்கி இயந்திரங்கள் வந்திருந்தன. செம்பனைக் குலை ஏற்றிய கூண்டு வண்டிகளைத் தண்டவாளத்தில் தள்ள இனி ஆள் வேண்டாம். வண்டியை நிரப்பும் இயந்திரமும் குலையை வேகவைக்கும் இயந்திரமும் தங்களுக்குள்ளேயே சேதி சொல்லிக்கொள்ளும். மாமா முனியாண்டிக்குக் கொடுத்தது ஒரு பச்சைப் பொத்தான். ஆட்கள் தயார் என்று அவர் அதை அழுத்தினால் ஆலைச் சங்கு, அதாவது சைரன், ஊதும், வண்டி நகரும்.

ஒன்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகச் சங்கு ஊதினால் வேலை முடிந்தது என்று பொருள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடப்பார்கள். புது இயந்திரம் ஓடத் தொடங்கிய வாரத்திலேயே, வேலை முடியும் நேரத்தில், மாமா பொத்தானை அழுத்தினார். அவருடைய கூட்டாளி செல்வம், சங்கு கேட்டதும் தூக்குச்சட்டியை எடுக்கத் தண்டவாளத்தில் இறங்கினார், நகர்ந்த வண்டி மோதிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நான் அப்போது சிரம்பானில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருந்தேன். அங்கே ரோபோ கைகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு வேலை செய்வதைப் பற்றி அக்காவிடம் வாய் ஓயாமல் பெருமை அடித்திருக்கிறேன். அன்று பஸ்ஸில் அதை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அழுத்தியது தன் விரல் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி மேனேஜர் ஆள் அனுப்பியிருந்தாராம். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். என்ன இரக்கமோ! எல்லாரும் என்னோடு கிளம்புங்கள் என்றேன். அக்கா துணிகளை மூட்டை கட்டியே வைத்திருந்தாள்.

மாமா சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார். "நா வந்துட்டா அந்தப் பொத்தானுக்கு வேற ஒருத்தன வெப்பாங்க லா. சங்கு ஊதுனா நம்ம ஆளுங்க காலு நிக்குமா? வூட்டப் பாத்துத்தான போவும்?"

மூட்டையை அக்கா அவிழ்த்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் மறுநாள் லீவு போட்டு, ஆலைக்குள்ளும் அவர் கூடவே போனேன்.

அவர் பொத்தானைத் தொடவில்லை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ராமையா, காளி, மாரிமுத்து. இருக்கேன், இருக்கேன் என்று பதில் வந்தது. கடைசியாக, "செல்வம்" என்றார். மாமா குனிந்து தண்டவாளத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகுதான் அழுத்தினார். நேரம் வீணாகிறது என்று முணுமுணுத்த மேற்பார்வை மண்டோரும் தண்டவாளத்தை விட்டு ஒதுங்கி நின்றார்.

பழக்கத்தில் வாய் தவறிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வண்டிக்கும் செல்வத்தைக் கூப்பிட்டார். மாலையில் ஏன் என்று கேட்டேன்.

"அவன்கிட்ட இருந்து பதிலு வராது லா. வரலன்னா கை தானா நின்னுரும். நின்னா கீழ பாப்பேன்."

போகிறவர்களுக்கு: குடையும் ரப்பர் செருப்பும் அவசியம். பஸ் நேரம் இப்போது மாறியிருக்கும், சிரம்பானில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆலைக்குள் விட்டால், சங்குக்கு என்ன பொருள் என்று முதலில் விசாரியுங்கள். மாமா ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்குப் பின் வந்த பையனும் ஒவ்வொரு வண்டிக்கும் செல்வத்தைக் கூப்பிடுகிறானாம். செல்வம் யார் என்று அவனுக்குத் தெரியாது. பதில் வராது, தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.