பின்கண்ணாடிக்கு வைத்த சூடு

என் ஓரகத்தியின் புதுக் காரில் சுவிட்சைத் தட்டினால் பின்கண்ணாடி சூடாகி, படிந்த பனி மறைந்துவிடும். "உங்க கார்ல இது வராது இல்லக்கா?" என்று அவள் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிந்தது. கணவரை நச்சரித்து, எங்கள் பழைய காரின் கண்ணாடியிலும் ஒரு கடையில் சூடேற்றும் கம்பிகளை ஒட்ட வைத்தேன்.

மழையில் படவேடு கோயிலுக்குப் போகும்போது ஆசையாகச் சுவிட்சைப் போட்டேன். சற்று நேரத்தில் ரப்பர் கருகும் வாடை வந்தது. பின்சீட்டில் தூங்கிய மகளின் தலைக்குப் பின்னால் புகை. காரை நிறுத்தி அவளை வெளியே இழுத்தேன். கணவர் பேட்டரி ஒயரைப் பிடுங்கினார்.

எங்கள் ஊரான ஆரணிக்குத் திரும்பியதும் ஒயர் போன வழியெல்லாம் பிரித்துப் பார்த்தார். "கடைக்காரன் பியூசே போடாம பேட்டரியிலருந்து நேரா ஒயர இழுத்துக்கிறான். சீட்டுக் கம்பியில உரசிகினே இருந்து ஷார்ட் ஆயிருக்கு" என்றார்.

ஓரகத்தி மேல் பொறாமை இன்னும் தீரவில்லை. ஆனால் காரில் எதை மாட்டினாலும், பியூசைக் காட்டச் சொல்லிக் கண்ணால் பார்த்த பிறகுதான் மகளை ஏற்றுகிறேன்.