பின்சுவரில் ஓர் ஓட்டை

எங்கள் வீட்டுப் பின்சுவரின் அடியில் ஓர் ஓட்டை இருந்தது. வாசலில் விழும் மழைத் தண்ணீர் பின்னாலுள்ள வயலுக்கு இறங்கிப் போகட்டும் என்று, சுவர் கட்டும்போதே கொத்தனார் விட்டது. மழை இல்லாமல் தென்னை கருகிய ஒரு வருடம் என் மாமனார் அதில் செங்கல் வைத்து, சிமெண்ட் பூசி அடைத்துவிட்டார். கேட்டுக்கு அடியிலும் குறுக்கே ஒரு வரப்பு. நம் வாசலில் விழும் தண்ணீர் நம் தென்னைக்குத்தான். ஆலங்குடிப் பக்கம் இதை யாரும் தவறென்று சொல்லமாட்டார்கள். தண்ணீரைப் பிடித்துவைக்கத்தான் எங்களுக்குத் தெரியும். அனுப்பிவைத்துப் பழக்கமில்லை.

அந்த ஐப்பசியில் வீட்டில் நாங்கள் நான்கு பேர். என் கணவர் துபாயில். மாமனார் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து கட்டிலோடு கிடந்தார். நல்ல கனமான ஆள். மாமியார், நான், இரண்டு வயது மகள். மாடி கிடையாது.

கனமழை வரும் என்று செய்தியில் சொன்ன அன்றே நான் போனில் ஒரு பட்டியல் எழுதிவிட்டேன். ரேஷன் கார்டு, ஆதார், மாமாவின் ஸ்கேன் ஃபைல் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பைக்குள். விதைக்கடலை மூட்டை பெஞ்சின் மேல். அரிசி, பருப்பு பரணுக்கு. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இரண்டு குடம். மாத்திரைகளைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்தேன். பிறகு அந்த டப்பாவை எங்கே வைத்தேன் என்று அரை மணி நேரம் தேடினேன்.

மாமியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "குடிக்கத் தண்ணி இல்லாம லாரிக்குப் பின்னாடி கொடத்தோட ஓடுன ஊருத்தா இது. இங்கிட்டு வெள்ளம் வருதாம், வெள்ளம்!"

"வரலைன்னா நல்லதுதானே அத்தை."

"வரலைன்னா அந்த அரிசிய யாரு எறக்குறது? எனக்குக் கை எட்டாது."

மறுநாள் மாலை ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டுமாம். மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

"என்னையத் தூக்க நாலு பேரு வேணும்த்தா. நாலு பேரு என்னையத் தூக்குறது ஒரே ஒரு தடவதான். அதுக்கு இன்னும் நாளு இருக்கு" என்றார்.

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும். நான்தான் எப்போதும் பயப்படுகிறவள் என்று பெயர் வாங்கியிருந்ததால், இது பயமா புத்தியா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

காலையில் வெடிச் சத்தம் கேட்டது. கண்மாய் நிறைந்து கலிங்கு வழியே தண்ணீர் வழிகிறது என்று சந்தோஷத்தில் வெடி போட்டார்கள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நிறைகிறது. மாமியார் கண்மாய் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் கையை இறக்குவதற்குள் ரோட்டுத் தண்ணீர் கேட் வரப்பைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் ரோடு உயர்ந்திருந்தது. எங்கள் வாசல் அப்படியே பள்ளமாக நின்றுவிட்டது.

மெயினை அணைத்தேன். சிலிண்டரை மூடினேன். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு டிராக்டர் உண்டு. அவருக்குப் போன் செய்தேன்.

"வண்டியோட அக்கரையில மாட்டிக்கிட்டேன், பாலத்துக்கு மேல தண்ணி போகுதுத்தா. வடிஞ்சாத்தான் வண்டிய எறக்க முடியும். மாமாவ பயப்பட வேணாம்னு சொல்லு. வாரேன்."

மாமா பயப்படவில்லை. பயந்தது நான். வீட்டுக்கு மூன்று படி. முதல் படி ஏற்கெனவே மூழ்கிவிட்டது. இரண்டாவது படியும் என் கண்ணெதிரே மறைந்தது. இன்னும் ஒரு படி ஏறினால் தண்ணீர் கட்டிலுக்கு அடியில் நிற்கும். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் எங்காவது போய்விடலாம். மாமாவை எப்படித் தூக்குவது?

அப்போதுதான் பின்சுவர் ஓட்டை நினைவுக்கு வந்தது.

"அத்தை, அந்த அடைப்ப உடைச்சா என்ன?"

"இருக்குற தண்ணி பத்தாதுன்னு வயத் தண்ணியையும் உள்ள கூப்புடுறியா?"

அவர் கேட்டதும் நியாயம்தான். வயலில் தண்ணீர் வாசலைவிட உயரமாக நின்றால், நானே வெள்ளத்துக்குக் கதவு திறந்துவிட்டவள் ஆவேன். அறைக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது. "சுவத்துல எவளாச்சும் கை வச்சீங்க, நான் எந்திரிச்சு வந்துருவேன்!"

கம்பால் தரையைத் தட்டித் தட்டி, முழங்காலளவு தண்ணீரில் பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லின் மேல் ஏறிச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். வயல் முழுக்க ஒரே செம்மண் நிறம். பார்த்தால் கடல்போலத்தான் இருந்தது. எது உயரம், எது பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

சுவருக்கு இரண்டு பக்கமும் நாங்கள் பூசியதே இல்லை. செங்கல் வரிசை அப்படியே தெரியும். அது கண்ணில் பட்டதும் எண்ண ஆரம்பித்தேன். உள்பக்கம் மேல் வரிசையிலிருந்து தண்ணீர் வரை பன்னிரண்டு. குனிந்து வெளிப்பக்கம் எண்ணினேன். பதினைந்து. தப்பாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி எண்ணினேன். மூன்றாம் முறை கம்பால் ஒவ்வொரு கல்லாகத் தொட்டு எண்ணினேன். பதினைந்தேதான். வெளித் தண்ணீர் மூன்று கல் கீழே நின்றது.

சன்னலுக்கு வந்து கத்தினேன். "மாமா! உள்ள பன்னெண்டு கல்லு காயுது. வெளிய பதினஞ்சு!"

உள்ளே படுத்திருப்பவர் வாழ்நாளெல்லாம் வாய்க்காலில் தண்ணீர் திருப்பிய மனிதர்.

"மூணு கல்லு எறக்கமா? நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவ எண்ணிட்டேன் மாமா."

"அப்ப கடப்பாரைய எடு. முருங்கைக்கு நேரா, ரெண்டு சாண் இங்கிட்டு. ஓட்டைக்கு முன்னாடி நிக்காத, ஓரமா நின்னு குத்து!"

தண்ணீருக்கு அடியில் அடைப்பு தெரியவில்லை. கால் விரலால் தடவிச் சிமெண்ட் பூச்சைக் கண்டுபிடித்தேன். முதல் குத்து கையைத்தான் உலுக்கியது. பின்வாசலில் மகளை இடுப்பில் வைத்தபடி மாமியார் நின்றார். நான் குத்தக் குத்த மகள் எண்ணினாள். "ஒண்ணு! ரெண்டு! அஞ்சு!" மழையில் எனக்குக் கண்ணே தெரியவில்லை. தப்பாக எண்ணியிருந்தால் என்ற எண்ணம் ஒவ்வொரு குத்திலும் வந்தது. வந்தாலும் குத்தினேன்.

திடீரென்று கடப்பாரை பாதி வரை உள்ளே போய்விட்டது. அதை இழுத்ததும் ஒரு செங்கல் சரிந்தது. என் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் வெளியே பாய்ந்தது. வாசலில் மிதந்த குப்பை, கீற்று, மகளின் ஒற்றைச் செருப்பு எல்லாம் ஓட்டையை நோக்கி நகர்ந்தன. செருப்பை மட்டும் பிடித்துவிட்டேன்.

முன்வாசலுக்கு ஓடிப்போய்ப் படியைப் பார்த்தேன். ரோட்டுத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. ஏறுகிறதா, இறங்குகிறதா? மெதுவாக இரண்டாவது படியின் விளிம்பு, ஈரமாக, ஒரு கோடுபோல வெளியே வந்தது.

"அத்தை! படி தெரியுது!"

மாமியார் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு என் தலையைத் தன் முந்தானையால் துவட்டினார். "அந்த அரிசிய நானே எறக்கிக்கிறேன்த்தா" என்றார்.

வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மதியத்துக்கு மேல் டிராக்டர் வந்தது. வாசல் வடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று மாமா ஆரம்பித்தார். மழை விடவில்லை, கண்மாய்க் கரையை நம்பி இன்னொரு ராத்திரி இருக்க எனக்கு மனசில்லை. "கெளம்புங்க மாமா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

நான்கு பேர் கட்டிலோடு அவரைத் தூக்கி டிராக்டரில் வைத்தார்கள். "எலேய், ஆட்டாம தூக்குங்கடா, நான் உசுரோடதான் இருக்கேன்!" என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டார். அன்று மாலைக்குள் பள்ளிக்கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பன்னிரண்டு, பதினைந்து கதை தெரிந்துவிட்டது. மாமாவே துபாய்க்குப் போன் போட்டு, "ஒம் பொண்டாட்டி நம்ம சுவத்த ஒடைச்சுப்புட்டாடா" என்றார். அதில் புகார் எதுவும் இல்லை.

மழை விட்டு வீடு திரும்பிய வாரத்தில் கொத்தனார் வந்து ஓட்டையைப் பார்த்தார். "அடைச்சிரவா?"

"அடைக்காத. குழா வச்சு மூடி போடு" என்று சன்னல் வழியே மாமா சொன்னார். "மூடி உள்ள இருக்கணுமா, வெளிய இருக்கணுமான்னு இவளக் கேளு."

கொத்தனார் என்னைப் பார்த்தார்.

"உள்பக்கம். தெறக்க, மூட நம்ம கைக்கு எட்டணும்" என்றேன். அதை நான் ஒரே ஒரு தடவைதான் யோசித்தேன்.