என் முறைத் தண்ணீர்

போன கோடையில் நடந்தது இது. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் கழனி. கணவருக்கு வேங்கிக்காலில் ஆபீஸ் வேலை என்பதால் விவசாயம் என் பொறுப்பு. கிணறு மட்டும் பொது. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவருடைய பெரியப்பா மகன் வீட்டு முறை. அந்தப் பெரியப்பா மகனின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்கள் கழனியை அக்காதான் பார்த்துக்கொள்கிறார்.

அந்தக் கோடைக்கு மானியத்தில் சொட்டு நீர்க் குழாய் போட்டு வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, விதைத்திருந்தேன். முன்பெல்லாம் கிணறு வற்றும்வரை மோட்டார் ஓடும். இப்போது இரண்டே மணி நேரத்தில் பாய்ச்சல் முடிந்து, பாதிக் கிணறு தண்ணீர் அப்படியே நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால், அக்காவின் மோட்டார் அவ்வளவையும் இறைத்து நெல்லுக்கு விட்டிருந்தது. அவர்கள் முறை, அவர்கள் இறைத்தார்கள், அதில் தப்பே இல்லை. ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. நான் பார்த்துப் பார்த்து மிச்சம் பிடிப்பது அடுத்த வீட்டு நெல்லுக்கா?

புத்தி கோணலாகப் போனது. அடுத்த முறை கடலைக்குப் பாய்ச்சி முடித்ததும் மோட்டாரை நிறுத்தவில்லை. மிச்சத் தண்ணீரைப் பக்கத்தில் சும்மா கிடந்த கரம்பில் திறந்துவிட்டேன். விவசாயக் கரண்ட் இலவசம், ஏன் என்று கேட்க ஆளில்லை. இப்படியே மூன்று முறை. கரம்பில் கோரைப்புல் ஜோராக வளர்ந்ததுதான் மிச்சம்.

நான்காவது முறை மோட்டார் கால் மணி நேரம் ஓடிவிட்டுக் காற்றை இழுத்தது. வெயிலில் ஊற்று சுண்டிவிட்டது. கடலையோ பூத்து விழுது மண்ணுக்குள் இறங்குகிற நேரம். அப்போது காய்ந்தால் காயே பிடிக்காது. மத்தியானத்தில் இலைகள் தொங்கிப்போய் நின்றதைப் பார்த்து வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மறுநாள் அக்கா முறை. இருப்பதையும் இறைத்துவிடுவார் என்ற பயத்தில் அந்தப் பக்கமே போகவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் நான்கு படிக்கட்டு உயரம் ஏறி நின்றது! அப்பாடா என்று அங்கேயே கைகூப்பினேன். ஓடிப்போய் மோட்டாரைப் போட்டேன்.

புல்லுக்கட்டோடு வந்த அக்கா சொன்னார்: "நேத்து நான் மோட்டாரே போடலடி. நெல்லு இப்பதான் தூர் கட்டுது, ரெண்டு நாளு காஞ்சா தாங்கும். உன் மல்லாட்டைக்கு விழுது எறங்கற நேரம், இப்ப வுட்டா புடிக்க முடியுமா?"

புல்லுக்கட்டை வரப்பில் இறக்கி வைத்தார். பிறகு தொடர்ந்தார்: "கரம்புல தண்ணி நின்னுச்சே, பார்த்தேன். பைப்பு எங்கியோ ஒடஞ்சிகிச்சி, பாவம், தனியா அல்லாடறாளேன்னு நெனச்சேன். சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்க்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்த வாரமே இரண்டு பேரும் பேசி, கிணற்றின் ஒரு படியில் சிவப்பு பெயிண்ட் அடித்தோம். யார் முறையானாலும் தண்ணீர் அந்தப் படிக்கு இறங்கினால் மோட்டார் நின்றுவிட வேண்டும். என் கடலையும் தப்பியது, அக்காவின் நெல்லும் தப்பியது.

பைப் உடையவே இல்லை என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்தும் என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிக் கேட்டாரோ என்னவோ. இப்போதும் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்க்கும்போது, நிற்கிற தண்ணீரில் எது என் முறை, எது அவர் முறை என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றுவதே இல்லை.