முன்கதவை மூடச் சொல்லி நான் எழுதிய ஆதரவுக் கடிதம்

காரைக்கால்காரன் என்று சொல்லிக்கொண்டு வெளியூர் போனால் இரண்டு கேள்விகள் வரும். மாங்கனித் திருவிழா எப்போது என்பது முதல் கேள்வி. அது மரியாதைக்கு. புதுச்சேரி வரியில் அங்கே பீர் என்ன விலை என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிடும்.

எங்கள் தெருமுனையில் ஒரு ஒயின்ஷாப் இருக்கிறது. அதற்கு அடுத்தது தையல்கடை, அதற்கு அடுத்தது ஒரு பூட்டிய வீடு, அதற்கும் அடுத்தது டியூஷன். டியூஷனுக்கு எதிர்வீட்டில் நான். குடிக்கும் படிப்புக்கும் சம தூரத்தில் வீடு கட்டியவன் என்று என் மனைவி சொல்வாள். இரண்டிலும் நான் பெரிதாகத் தேறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வாள்.

டியூஷன் நடத்துகிற டீச்சர் முன்பு ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுத்தவர். இப்போது பத்தாவது, ப்ளஸ் டூ பெண்களுக்குச் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழரை வரை வகுப்பு. நெடுங்காட்டிலிருந்தும் நெரவியிலிருந்தும் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள். பஸ் நிறுத்தத்திலிருந்து டியூஷனுக்கு வர ஒயின்ஷாப்பைக் கடந்துதான் ஆகவேண்டும். வேறு வழி வயல் வழி.

இதற்கு எங்கள் தெருவில் ஓர் ஏற்பாடு உண்டு. ஐந்து மணிக்கு ஒயின்ஷாப்பின் தெருப்பக்கக் கதவை இறக்கிவிடுவார்கள். ஏழரைக்குத்தான் தூக்குவார்கள். நடுவே வருகிறவர்கள் பின்சந்து வழியாகப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். பல வருஷங்களுக்கு முன்பு கடைக்கு உரிமம் புதுப்பித்தபோது கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். டீச்சர் ஒரு பக்கம், கடைக்காரர் ஒரு பக்கம், நடுவே ஒரு அதிகாரி, சுற்றிலும் தெரு. ஒரு மணி நேரம் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கடைசியில் அதிகாரி உரிமத்தின் பின்பக்கத்தில் இந்த நிபந்தனையைக் கையால் எழுதி, சீல் குத்தி, எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். அன்றிலிருந்து கதவு இறங்குகிறது. பின்சந்து வழியாகப் போகிறவர்களில் நானும் ஒருவன். சனிக்கிழமை ஒரு பீர். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

கடைக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லாவில் அவரேதான் உட்கார்ந்திருப்பார். எவனாவது டியூஷன் படியில் சாய்ந்துவிட்டால் டீச்சர் அவருக்கு ஃபோன் போடுவார். பத்து நிமிஷத்தில் ஆள் வந்து, சாய்ந்தவனை ஆட்டோவில் ஏற்றிப் போய்விடும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலோ தெருவிளக்கு எரியவில்லை என்றாலோ யாரைக் கூப்பிடுவது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. உள்ளாட்சித் தேர்தல் என்ற ஒன்றை எங்கள் தெருவில் நடுத்தர வயதுக்காரர்கள்தான் பார்த்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு அது புராணம். ஆக, கூப்பிட்டால் ஆள் வருகிற ஒரே நிறுவனம் எங்களுக்கு அந்த ஒயின்ஷாப்தான்.

இந்த நிலையில்தான் உரிம முறையை எளிமைப்படுத்தப் போவதாக அரசிடமிருந்து ஒரு வரைவு வந்தது. எளிமை என்ற சொல்லைப் பார்த்தாலே நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்கிறவன். கடைகள் இனி இணையத்தில் ஏலம். எந்த ஊர்க்காரரும் எடுக்கலாம். உள்ளூர் விசாரணை கிடையாது. உள்ளூர் நிபந்தனைகள் செல்லாது. எல்லா ஊருக்கும் ஒரே விதி. புகார் இருந்தால் ஒரு தொலைபேசி எண், அதை மட்டும் இப்போதே திறந்துவிட்டார்கள். வரைவைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஒரு மாதம் கெடு, அதுவும் இணையத்தில்.

டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

"சார், நீங்க நாலு எழுத்து எழுதுறவரு. தெருவுக்காக ஒண்ணு எழுதிப் போட்டுருங்க. ஆளாளுக்கு எழுதுனா கொழம்பிரும்."

தெரு முழுக்க அதையே சொன்னது. சார் எழுதுகிறார் என்று எல்லோரும் ஃபோனைக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்கு அன்று இருந்த செருக்கை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

நேராக எழுதினால் நான் எதற்கு என்று தோன்றியது. அதனால் வரைவைப் பாராட்டி எழுதினேன். முன்கதவைத் திறப்பது போதாது, பக்கச் சுவரையும் இடித்துவிட்டால் குவார்ட்டரையும் ஆஃபையும் கண்ணால் பார்த்தே மாணவிகள் பின்னம் கற்றுக்கொள்வார்கள் என்றேன். புகாரை வாங்க ஒரு மனிதர் இருப்பது நாகரிகத்துக்கே இழுக்கு, மனிதர் இருந்தால் மக்களுக்குக் கேள்வி கேட்கத் தோன்றும் என்றேன். கடை எடுப்பவர் இமயமலையில் வசித்தால் உத்தமம் என்று முடித்தேன். நான்கு பக்கம்.

மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஏங்க, இது வேணும்ங்குறீங்களா, வேணாங்குறீங்களா?"

"படிக்கிறவங்களுக்குப் புரியும்."

"நானும் இப்ப படிக்கத்தானே கேட்டேன்."

"அதிகாரிங்க வேற மாதிரி படிப்பாங்க."

"அதுசரி," என்றாள். அவள் 'அதுசரி' சொன்ன எந்தக் காரியமும் இதுவரை உருப்பட்டதில்லை.

இணையப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஆதரிக்கிறேன், ஆட்சேபிக்கிறேன். ஏதாவது ஒன்றைத் தட்டினால்தான் மேலே போகும். நான்கு பக்கம் நையாண்டி செய்துவிட்டு ஆட்சேபிக்கிறேன் என்று தட்டினால் சுருதி கெட்டுவிடும் அல்லவா. கலையின் முழுமையைக் கருதி 'ஆதரிக்கிறேன்' என்பதைத் தட்டினேன். தட்டிவிட்டுச் சிரித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கெடு முடிந்து பத்து நாளில் ஊர்வாரியாக, தெருவாரியாகப் பட்டியல் வெளியிட்டார்கள். மத்தியான வேளையில் டீச்சர் ஃபோனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"நம்ம தெருவுக்கு ஆதரவு ஒண்ணுன்னு போட்டுருக்கு சார். ஆட்சேபண ஒண்ணுமில்ல. யாரு சார் அந்த ஒருத்தரு?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கிண்டலா எழுதுனேன் டீச்சர்."

"கிண்டல்னு ஒரு கட்டம் இருந்துச்சா?"

"இல்ல."

"அப்பறம்?"

கணக்கு டீச்சரிடம் 'அப்பறம்' என்ற கேள்விக்கு நான் பள்ளியிலும் பதில் சொன்னதில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"நேத்தே நெடுங்காட்டுலேருந்து ஒரு அப்பா ஃபோன் பண்ணிட்டாரு. சாயங்காலம் கதவு தொறந்திருந்தா பொண்ண நிறுத்திருவேன்னாரு. அது ப்ளஸ் டூ படிக்குது. டியூஷன மட்டும் நிறுத்துவாருன்னு நெனக்கிறீங்களா?"

உள்ளேயிருந்து மனைவி காபி கொண்டுவந்தாள். டீச்சருக்கு மட்டும்.

மறுபடி பதிவு செய்ய முயன்றேன். ஒருவருக்கு ஒரு கருத்துதான், அதுவும் கெடு முடிந்துவிட்டது என்றது இணையதளம். என் வாழ்க்கையில் நான் மாற்ற முடியாத ஒரே கருத்தும் எனக்கு எதிரான கருத்தாகப் போயிற்று.

ஆனால் அடுத்த வாரம் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. வரைவை ஆதரித்தவர்களைக் கூப்பிட்டுக் காரைக்கால் டவுனில் கலந்தாலோசனைக் கூட்டமாம். ஒரு துணையை அழைத்து வரலாமாம். தெருவில் வேறு யாருக்கும் அழைப்பு இல்லை. வேறு யாரும் எழுதவே இல்லையே.

"நானும் வர்றேன்," என்றார் டீச்சர். "நீங்க போயி வாயத் தொறந்தா மட்டும் போதும். என்ன பேசணும்னு நான் எழுதித் தர்றேன்."

கூட்டத்தில் ஆதரவாளர்களுக்கு முதல் வரிசை, சமோசா, தேநீர். எங்கள் ஒயின்ஷாப்காரர் பின்வரிசையில் மற்ற கடைக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். ஏலம் வந்தால் அவருக்கும் கடை போகும். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"என்னண்ணே, சனிக்கெழம தவறாம வர்றீங்க. இப்படியா கடையவே தூக்க ஆதரவு குடுப்பீங்க?"

"கிண்டல் தம்பி."

"கிண்டலுக்கே முன் சீட்டு தர்றாங்களா?" என்று சமோசாவைப் பார்த்துவிட்டுப் போனார்.

என் முறை வந்தது. டீச்சர் ஒரு துண்டுக் காகிதத்தை என் கையில் வைத்து, "எழுதுனத மட்டும் படிங்க. நடுவுல ஒண்ணும் சேக்காதீங்க," என்றார். இரண்டே வரி. இப்போது உள்ளபடி மாலை ஐந்து முதல் ஏழரை வரை தெருப்பக்கக் கதவு மூடியிருக்க வேண்டும். கடையை யார் எடுத்தாலும், கூப்பிட்டால் வருகிற ஆள் ஒருவர் இந்த ஊரில் இருக்க வேண்டும். என் நான்கு பக்கத்தில் இருந்தது இதுதான். படித்துவிட்டு நின்றேன்.

அதிகாரி காகிதக் கட்டைப் புரட்டினார். "நீங்க ஆதரவுன்னுல்ல பதிவு பண்ணிருக்கீங்க?"

"ஆமாங்க."

"இது ஆட்சேபணை மாதிரி இருக்கே."

"எழுதும்போது தெளிவா இல்லைங்க. இப்பத்தான் தெளிஞ்சிருக்கேன்."

பின்வரிசையில் ஒயின்ஷாப்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"தனித்தனி ஊருக்கு நிபந்தனை போட முடியாதும்மா," என்றார் அதிகாரி. "பிரச்சனைன்னா அந்த நம்பருக்குப் பேசுங்க."

"பேசிப் பாத்தேன் சார். ஒண்ண அழுத்து, ரெண்ட அழுத்துன்னுச்சு. கடசியா ஒரு பொண்ணு எந்த ஊருன்னு கேட்டுச்சு. காரைக்கால்னேன். அது தமிழ்நாட்டுக்குள்ளதான இருக்கு, அங்க பேசுங்கன்னு வச்சிருச்சு."

இப்போது முதல் வரிசையும் சிரித்தது. அதிகாரியும் கொஞ்சம் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். அப்போது பின்னாலிருந்து எங்கள் கடைக்காரர் பேசினார்.

"சார், நான் இருக்குற வரைக்கும் அஞ்சு மணிக்குக் கதவு எறங்கும். டீச்சர் கூப்பிட்டா ஆள் வரும். எனக்கு அப்பறம் வர்றவரு யாருன்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சா சாவியக் குடுக்கும்போது சொல்லிட்டுப் போவேன்."

அதிகாரி கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். பிறகு, "எழுதிக் குடுங்க. என் குறிப்போட மேல அனுப்புறேன்," என்றார். டீச்சரிடம் அது ஏற்கெனவே எழுதி, இரண்டு பிரதியாக இருந்தது. ஒன்றைக் கொடுத்தார். மற்றதை மேஜைமேல் வைத்தார்.

"வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடுங்க சார்."

அவர் போட்டார். ஒரு கோடு, அதன்மேல் ஒரு சுழி.

"கீழ பேரு எழுதுங்க. படிக்கிற மாதிரி. பக்கத்துல உங்க நம்பரு."

இருபது வருஷமாக வகுப்பறையில் பழகிய குரல் அது. அதிகாரி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, அழகாக எழுதினார்.

வரைவு இன்னும் வரைவாகத்தான் இருக்கிறது. சட்டமாகுமா, குப்பைக்குப் போகுமா, யாருக்கும் தெரியாது. டீச்சர் அந்தக் காகிதத்தை லேமினேட் செய்து டியூஷன் வாசலில் மாட்டியிருக்கிறார். நெடுங்காட்டு அப்பா ஒருநாள் வந்து அதிகாரியின் பெயரையும் எண்ணையும் இரண்டு தடவை படித்தார். அங்கேயே நின்று அந்த எண்ணைக் கூப்பிட்டார். மறுமுனையில் ஒரு மனிதர் "சொல்லுங்க" என்றதும் வைத்துவிட்டார்.

"சட்டம் வர்ற அன்னிக்கிப் பாத்துக்கலாம் டீச்சர். அதுவரைக்கும் வரட்டும்," என்று பெண்ணை விட்டுவிட்டுப் போனார்.

போன சனிக்கிழமை ஐந்து மணிக்கு நான் தெருவில் நின்றிருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டி வந்தவர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்குவதற்குள் கதவு இறங்கிவிட்டது. அவருக்குத் தாங்கவில்லை.

"வெளிச்சம் இருக்கும்போதே மூடுறாங்க. என்ன சார் ஊரு இது? யாரு இதுக்குப் பொறுப்பு?"

"அந்தா, டியூஷன் வாசல்ல மாட்டிருக்கு பாருங்க," என்றேன். "பேரு, நம்பரு எல்லாம் எழுதியிருக்கு. கூப்பிட்டா எடுப்பாரு."

அவர் வாசலைப் பார்த்தார். உள்ளே டீச்சர் சாக்பீஸோடு திரும்பிப் பார்த்தார். மனிதர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்சந்துப் பக்கம் நடந்தார். நானும் அந்தப் பக்கம்தான் போக வேண்டியிருந்தது. டீச்சர் கரும்பலகைக்குத் திரும்பும்வரை காத்திருந்துவிட்டுப் போனேன்.