நண்டு கோத்த நான்கு வரி

அந்தப் பெரிய போர் வந்த பிறகுதான் நம் கதைகளில் வாக்கியம் சுருங்கியது, அழுகை அடங்கியது என்று இப்போது மேடைக்கு மேடை பேசுகிறார்கள். உதாரணம் கேட்டால் அந்த வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதிய பள்ளிக்கூட வாத்தியாரின் தொடர்கதையிலிருந்து நான்கு வரியை எடுத்து வாசிக்கிறார்கள். அட, போங்கய்யா! அது எப்படிச் சுருங்கியது என்று நண்டுவுக்கல்லவா தெரியும்.

நண்டு அந்தப் பத்திரிகையின் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோப்பவர். மரப்பெட்டியின் சின்னச் சின்ன அறைகள் மேல் அவர் விரல்கள் பக்கவாட்டில் ஓடும் ஓட்டத்துக்கு வைத்த பெயர் அது. விரலில் இருந்த துணிச்சல் மனசில் மருந்துக்கும் கிடையாது. தபால்காரர் கதவைத் தட்டினாலே கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வார். "தன் நிழலுக்கே வணக்கம் போடுற மனுஷன்" என்று மனைவி கேலி செய்வாள்.

போர் தொடங்கியதும் அவள் தம்பியைப் படைக்குக் கொண்டுபோனார்கள். அச்சகத்துக்குத் தணிக்கை வந்தது. அச்சேறும் முன் ஒவ்வொரு பக்கமும் அதிகாரியிடம் போய், சிவப்புப் பென்சில் அடித்துத் திரும்பும். படையில் போனவன் செத்தான் என்று கதையில்கூட வரக்கூடாது. அதைவிடக் கொடுமை, அடித்த இடத்தை வெள்ளையாக விடவும் கூடாது. விட்டால் படிக்கிறவன் தானே நிரப்பிக்கொள்வானாம்!

ஒரு வாரம் வாத்தியாரின் கதையில் நான்கு வரி அடிபட்டு வந்தது. கதையில் ஓர் அக்காவுக்குத் தம்பியின் சாவுச் செய்தி வரும் இடம். வாத்தியாரோ பள்ளிக்கூடத்தில். இயந்திரம் காத்துக்கொண்டிருந்தது.

"எதையாவது போட்டு அடைய்யா!" என்று முதலாளி கத்தினார்.

நண்டு காகிதத்தைத் தேடவில்லை. எழுத்துப் பெட்டியை மட்டும் பார்த்து விரலை ஓட்டினார். 'அவள் தினமும் தம்பிக்கும் சேர்த்துச் சமைத்தாள். ஒரு நாள் சமைக்கவில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள்.' இடம் சரியாக அடைந்தது. பக்கம் மறுபடி அதிகாரியிடம் போகாமலே அச்சேறியது.

அடுத்த வாரம் அதிகாரி இரண்டு காவலர்களோடு அச்சகத்துக்குள் வந்து நின்றார். ஆள் சேர்க்கும் அலுவலகத்து வாசலில் பெண்கள் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைத் திருப்பிக் கேட்கிறார்களாம். எழுதியவனுக்குச் சிறை நிச்சயம்.

ஆணியில் குத்தி வைத்திருந்த கையெழுத்துத் தாள்களை எல்லாம் புரட்டினார்கள். அந்த நான்கு வரிக்கு மட்டும் தாளே இல்லை. முதலாளி வேறெங்கோ பார்த்தார். வாத்தியாரைப் பள்ளிக்கூடத்திலிருந்து சட்டையில் சுண்ணாம்புத் தூளோடு கூட்டிவந்தார்கள்.

"இது நீங்க எழுதினதா?"

வாத்தியார் அந்த வரிகளை அப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார். இரண்டு தடவை படித்தார். தலையை நிமிர்த்திக் கோப்பவர்கள் வரிசையைப் பார்த்தார். நண்டுவின் கையிலிருந்து எழுத்துகள் பொலபொலவென்று தரையில் உதிர்ந்துகொண்டிருந்தன.

"நான் எழுதினதுதான். தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நண்டு குனிந்து, உதிர்ந்த எழுத்துகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவி அந்தப் பக்கத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள்.

"என்னங்க, இதை வாத்தியார் எழுதல."

"வேற யாரு எழுதுவா?"

"அந்தத் தபால் வந்து நான் சமைக்காத அன்னிக்கு இந்த வீட்டுல என்னைத் தவிர இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

நண்டு உடைந்துபோனார். "வெளிய சொல்லிடாதம்மா. என்னைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. எனக்கு அடி தாங்காது."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அந்த மனுஷனுக்கும் அக்கா தங்கச்சி இருப்பாங்கல்ல?" என்றாள்.

மறுநாள் காலை நண்டு போனார். வழியில் மூன்று தடவை திரும்பினார், மூன்று தடவையும் மறுபடி நடந்தார். அதிகாரியின் மேசைக்கு எதிரே போய் நின்றார்.

"ஐயா, அந்த நாலு வரி என்னோடது. கையால எழுதலைங்க. நேரா ஈயத்துல கோத்தேன்."

அதிகாரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எழுத்துப் பொறுக்குற ஆளு கதை எழுதுறியா? யாரு அனுப்பினா, முதலாளியா?"

"ஒரு பெட்டி எழுத்து குடுங்கய்யா, இப்பவே கோத்துக் காட்டுறேன்."

"அவரு கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்டாச்சு. ரெண்டு வருஷம். போய் வேலையைப் பாரு."

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். மேசையைத் தட்டியிருக்கலாம். சத்தம் போட்டு அழுதாவது இருக்கலாம்.

"சரிங்கய்யா" என்றார் நண்டு.

வாத்தியார் சிறையிலிருந்து திரும்பி வந்தார், புகழோடு வந்தார், ஒருநாளும் நண்டுவைக் குறை சொன்னதில்லை. ஆனால் அன்று அந்த அலுவலகப் படிகளில் இறங்கும்போது நண்டுவுக்கு அழுகை வரவில்லை. 'தப்பித்தேன்' என்றுதான் இருந்தது, உடம்பெல்லாம் குளிர்ந்து, பசிகூட எடுத்தது. அந்தப் பசியை மட்டும் அவர் சாகும்வரை மனைவியிடம் சொல்லவில்லை.