வீட்டுக்காரிக்கும் கலியாணம் சொன்ன நாள்

அன்றைக்கு ஒஸ்லோ அம்மருட்டில் எங்கடை வீட்டில் இருந்தது சரியாக நாலு பேர்: நான், மனுசி, மகள், மகள் கட்டப்போகிற லண்டன் பொடியன். ஐந்தாவது ஆள் கணினித் திரைக்குள் இருந்தா. இங்கிலாந்தின் தென்கரையில் கடலைப் பார்த்தபடி நிற்கிற ஒரு பழைய மாளிகையின் சொந்தக்காரி. எழுபது வயதிருக்கும். மாளிகையும் சுற்றியுள்ள காணியும் நானூறு வருசமாக அவவின் குடும்பத்துடையதாம். இப்போது கூரை திருத்தக் காசு வேண்டிக் கலியாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மகளின் கலியாணமும் ஆவணியில் அங்கேதான்.

ஒப்பந்தம் பதினெட்டுப் பக்கம். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நோர்வேயின் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவில் பள்ளிக்கூடங்கள் துடைத்து, நோர்வேஜிய மொழியைப் பிடித்துக்கொண்டேன். ஆங்கிலம் அரைகுறைதான். அகராதி வைத்து வாசித்ததில் ஒரு வரி என்னை விடவேயில்லை: வளவுக்குள் எங்கேயும் நிலத்தைக் கிண்டக் கூடாது, கிண்டினால் கலியாணத்தை இடையிலேயே நிறுத்தலாம்.

மனுசிக்கோ கன்னிக்கால் மண்ணில்தான் நிற்க வேண்டும். கலியாணத்துக்கு முதல் முள்முருக்கங் கொப்பொன்றை நட்டுப் பாலும் தண்ணீரும் ஊற்றுவது எங்கள் வழக்கம். எங்கள் கலியாணம் ஒஸ்லோவில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் நடந்தபடியால், கொப்பு பெயின்ற் வாளிக்குள் நின்றது. வாளியைக் கும்பிட்டுத் தாலி கட்டின ஆள் என்று இருபத்தேழு வருசமாக எனக்குச் சொல்லிக் காட்டுகிறா. மகளுக்கு அந்தக் கதி வேண்டாமாம். விடிய எழும்பி ஒரு அடி கிண்டினால் ஆருக்குத் தெரியப்போகுது என்பது அவவின் திட்டம். தெரிந்து, மணவறையில் பிள்ளை இருக்கும்போது நிறுத்திவிட்டால்? ஒரு கிழமையாக அந்த வரியையே திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். சாப்பாடு, கார் விடுகிற இடம், இரண்டைப் பற்றித்தான் கதைப்பது. கன்னிக்காலைப் பற்றி மூச்சு விடக் கூடாது.

இரண்டும் கதைத்து முடிந்தது. அந்த அம்மா விடைபெறப் போகிற நேரம் மனுசி மகளின் முழங்கையைத் தட்டினா.

"பிள்ளை, அவவுக்குக் கலியாணம் சொல்லு."

மாளிகைக் குடும்பத்தார் இருக்கிற பக்கம் போகவே கூடாது என்றும் ஒப்பந்தத்தில் இருந்தது. "சும்மா இரும்" என்றேன்.

"அவையின்ரை வீட்டிலை கலியாணம் வைச்சுப்போட்டு அவைக்குச் சொல்லாமல் விடுறதோ? நல்ல கதை."

மகள் சிரித்தபடி ஆங்கிலத்தில் அவவைக் கலியாணத்துக்கு அழைத்தாள். காரியம் கெட்டது என்று நினைத்தேன். பிறகு அந்த அம்மா மெல்லக் கதைக்கத் தொடங்கினா. மகள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். பதினொரு வருசமாகக் கோடைச் சனிக்கிழமைகளில் கலியாணம். படங்களில் விழக் கூடாதென்று அவவும் அவவின் தம்பியும் பின்னறையில் யன்னல் சீலையை இழுத்துவிட்டு இருப்பார்களாம். வாங்கோ என்று ஒருத்தரும் கேட்டதில்லை. என்ன உடுத்திக்கொண்டு வருவது என்றும் கேட்டா.

என்னவும் உடுக்கலாம், கன்னிக்கால் நடும்போதே வந்து நிற்க வேண்டும் என்று மனுசி சொல்ல, பொடியன் அதையும் அப்படியே ஆங்கிலத்தில் ஒப்புவித்துவிட்டான். நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

எவ்வளவு ஆழம் கிண்ட வேணும் என்று அந்த அம்மா கேட்டா. ஒரு அடி. புல்வெளியில் முடியவே முடியாதாம். அடியில் பழைய அத்திவாரங்கள் கிடக்கின்றன, அரசாங்கம் விடாது. பிறகு சொன்னதை மகள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "மரக்கறித் தோட்டத்திலை அவரைக்கு வருசா வருசம் கம்பு ஊன்றுறனாங்களாம். அதோடை ஒரு கம்பு கூட நிண்டால் என்னவாம்."

தோட்டத்தைக் காட்ட அவ கணினியைத் தூக்கிக்கொண்டு நடந்தா. வழியெல்லாம் தங்கச் சட்டத்துக்குள் முன்னோர்கள். அவர்களின் காலடியில், கூரை ஒழுக்குக்கு ஒரு சிவப்பு வாளி.

"பாருங்கோ, அவையும் வாளிதான் வைச்சிருக்கினம்" என்றா மனுசி. அந்தக் கிழமையில் நான் முதல்தரம் சிரித்தது அப்போதுதான்.

கன்னிக்கால் வடகிழக்கில் நிற்க வேண்டுமே, தோட்டம் மேற்கிலல்லோ என்று பொடியன் இழுத்தான். "ஐயரோடை நான் கதைக்கிறன், தம்பி" என்றேன்.

இரண்டு நாளில் திருத்திய ஒப்பந்தம் வந்தது. நிலத்தைக் கிண்டக் கூடாது என்ற வரி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒன்று: மரக்கறித் தோட்டம், ஒரு கம்பு, ஒரு அடி. எங்கள் ஆட்கணக்கில் இரண்டு பேர் கூடியிருந்தார்கள். வாடகையில் ஒரு சதமும் குறையவில்லை. நானும் கேட்கவில்லை, அங்கே கூரை ஒழுகுது. ஆடி முடிய முதல் நாங்கள் இன்னும் கட்ட வேண்டியது நாலாயிரத்து இருநூறு பவுண்ட்.