அட்டைக் கணக்கு

அவருக்கு லிஃப்டில் வேலை. பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில், ஒரு மூலையில் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, காலை முதல் சாயங்காலம் வரை பொத்தான் அமுக்குவார். அந்தக் கட்டடத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. அவரைப் பற்றித் தெரிந்தவர்களும் கிடையாது. உள்ளே வந்ததும் "மூணு" என்பார்கள், "ஏழு" என்பார்கள். கொஞ்சம் நல்ல மனசுக்காரர்கள் "ஏழுண்ணே" என்பார்கள். மூச்சு மேலே படுகிற தூரத்தில் நாள் முழுக்க மனுஷர்கள் நின்றாலும், வீட்டுக்குப் போகும்போது யோசித்துப் பார்த்தால் எண்களைத் தவிர வேறெதுவும் காதில் விழுந்திருக்காது. அதை அவர் குறையாகச் சொல்வதில்லை. "வெயில்ல நிக்காம உக்காந்து செய்யுற வேலைய கடவுள் குடுத்திருக்காரே, அது போதும்" என்பார்.

வீட்டிலும் ஏறக்குறைய அதே கதைதான். மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. பிள்ளை இல்லை. அப்பா கட்டிய மாடி வீட்டில் கீழ்த்தளம் அவருக்கு, மேல்தளம் தம்பிக்கு. தம்பி வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். அவனுக்கு மனைவி உண்டு, பள்ளிக்கூடம் போகிற மகள் உண்டு, சத்தம் உண்டு, சிரிப்பு உண்டு. அதெல்லாம் கூரை வழியாகக் கீழே கேட்கும். நாற்காலி இழுபடும் சத்தம் வந்தால் மேலே சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். உடனே இவரும் தட்டை எடுத்துக்கொண்டு உட்காருவார். தனியாகச் சாப்பிட்டாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறோம் என்று ஒரு சமாதானம்.

அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனது வீடு பிரித்தபோது. இவர் ஒரு வார்த்தை விட்டார், அவன் ஒரு வார்த்தை விட்டான். யார் முதலில் விட்டது என்று இப்போது இரண்டு பேருக்கும் தெரியாது. வலித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நேருக்கு நேர் வந்தால் ஒருவர் செருப்பைப் பார்ப்பார், இன்னொருவர் வானத்தைப் பார்ப்பார்.

வீட்டைப் பிரித்தார்கள், தண்ணீர்த் தொட்டியைப் பிரித்தார்கள், மின்சார மீட்டரைக்கூடப் பிரித்தார்கள். காரை என்ன செய்வது? முன்பக்கம் உனக்கு, பின்பக்கம் எனக்கு என்று அறுத்துக்கொள்ளவா முடியும்? அப்பாவின் பழைய கார் அது. வாரத்தில் பாதி நாள் அண்ணனுக்கு, பாதி நாள் தம்பிக்கு என்று அப்போதே பேசி முடித்தார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆணி. முறை முடிந்தவர் சாவியை அதில் மாட்டிவிட வேண்டும், அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் கைமாறுகிற ஒரே பொருள் அந்தச் சாவிதான். சில சமயம் தம்பி மாட்டிய கொஞ்ச நேரத்திலேயே இவர் எடுத்தால் சாவி இன்னும் சூடாக இருக்கும். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பார்.

அந்தக் காரில்தான் ஆயில் ஒழுக ஆரம்பித்தது.

ஒழுகல் புதிது இல்லை. அப்பா காலத்திலேயே சொட்டுச் சொட்டாக இருந்ததுதான். ஆயில் அளவு பார்க்கும் கம்பி எப்போதோ உள்ளேயே முறிந்து சிக்கிக்கொண்டது. அப்பா அதற்குச் செலவு செய்யவில்லை. காருக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைப்பார். அட்டையில் கறை உள்ளங்கை அகலம் இருந்தால் ஒரு டம்ளர் ஆயில் ஊற்றுவார், தட்டு அகலம் இருந்தால் இரண்டு டம்ளர். ஊற்றிய கையோடு பழைய அட்டையை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிய அட்டை விரிப்பார். "கம்பி பொய் சொல்லும், அட்டை சொல்லாது" என்பது அவர் பேச்சு. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கார் விஷயத்தில் தெரிந்த ஒரே படிப்பு அந்த அட்டைக் கணக்குதான்.

அப்பா போன பிறகு இவர் அதை விடாமல் செய்து வந்தார். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, காருக்குப் பக்கத்தில் குனிந்து அட்டையைப் பார்ப்பார். கறைக்குத் தக்கபடி ஊற்றுவார். அட்டையை மட்டும் மாற்ற மாட்டார். முதல் தடவை மறந்துபோனார். மறுநாள் பார்த்தால் புது அட்டை விரித்திருந்தது. பெயிண்ட் டப்பா வந்த அட்டை, ஓரத்தில் நீலக் கறை. தம்பி வைத்திருக்கிறான். மறுநாளும் அப்படியே. ஊற்றுவது நான், அட்டை மாற்றுவது அவன் என்று இவராக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். பேசாவிட்டால் என்ன, சேர்ந்து ஒரு வேலை பார்க்கிறோமே என்று நினைக்க நினைக்க நெஞ்சுக்குள் இதமாக இருக்கும்.

ஆனால் ஒழுகல் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. உள்ளங்கை தட்டானது, தட்டு தாம்பாளமானது. பின்னால் புகை வேறு. மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவன் வாய் ஓயாத ஆள், கை சுத்தமான ஆள். மேல் மூடியின் பேக்கிங் போய்விட்டது என்று மாற்றினான். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மறுபடி போனதும் முன்பக்கத்தில் ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வளையமான சீல் ஒன்றை மாற்றினான். அதுவும் ஒழுகியது.

"என்னப்பா, புது சீல் போட்டும் இப்படியா?"

"அண்ணே, எனக்கே வெக்கமா இருக்கு. என் சம்சாரம் அழுதாக்கூட நிறுத்திடுவேன், இந்த வண்டிய நிறுத்த முடியல."

இந்தச் சமயத்தில்தான் தம்பி மனைவி ஒரு நாள் படியிறங்கி வந்தாள். அவள் மட்டும் இவரோடு பேசுவாள், அதுவும் நின்றபடியே.

"மாமா, உங்க தம்பி சொல்லச் சொன்னாரு."

"என்னம்மா?"

"நேத்து பெயிண்ட் வேலைக்குப் போன வீட்டு வாசல்லாம் ஆயில் கொட்டிருச்சாம். அந்தம்மா பிடிச்சுக் கத்துச்சாம். இந்தத் தடவையும் நிக்கலன்னா வண்டிய பழைய இரும்புக்குப் போட்டுரலாம்னு சொல்றாரு. வர்றதுல பாதி உங்களுக்குத் தந்துருவாராம்."

"பாதியா" என்றார்.

அவள் போன பிறகு மாடிப்படிக்குக் கீழே போய் நின்றார். சாவி ஆணியில் தொங்கியது. கார் போய்விட்டால் சாவி போய்விடும். சாவி போய்விட்டால் இந்த வீட்டில் இரண்டு குடும்பம் வாடகைக்கு இருப்பது மாதிரிதான். முட்டி வலி அதிகமான நாளில் வேலைக்குப் போவது சிரமம், வாராவாரம் கும்பிடப் போவது சிரமம். அதுகூடப் பரவாயில்லை, பஸ் இருக்கிறது. தம்பியிடம் போக பஸ் கிடையாதே என்று நினைத்தார். அவனிடம் போய்ச் சேர இருந்த ஒரே வழி இந்தப் பாழாய்ப்போன கார். கண்ணை மூடிக் கும்பிட்டார். ஆண்டவனிடம் கார் ஒழுகலைப் பற்றி வேண்டுவது சரியா என்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேண்டினார்.

விடுமுறை நாளில் மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தார். தம்பி வேலைக்குப் போயிருந்தான். "இது கடைசித் தடவைப்பா. நிக்கலன்னா வித்துருவான்" என்றார். மெக்கானிக் அன்றைக்கு விளையாட்டுப் பேச்சு பேசவில்லை. முறிந்து கிடந்த கம்பியை இடுக்கியால் நோண்டி எடுத்தான். "மொத்த ஆயிலையும் இறக்கிட்டு முதல்லேருந்து பாக்குறேன்" என்று காருக்கு அடியில் புகுந்து, எப்போதும் வைக்கிற தட்டையான தொட்டியை வைத்து, அடி போல்ட்டைக் கழற்றினான்.

ஆயில் கொட்டியது. கருப்பாக, நுரை நுரையாகக் கொட்டியது. தொட்டி நிறைந்தது. நிற்கவில்லை.

"அண்ணே! வாளி! வாளி கொண்டாங்க!"

இவர் முட்டியை மறந்து ஓடிக் குளியலறை வாளியைக் கொண்டுவந்தார். அதிலும் பாதிக்கு மேல் ஏறிய பிறகுதான் சொட்டு விட ஆரம்பித்தது. மெக்கானிக் வெளியே வந்து தரையில் உட்கார்ந்தான். முகமெல்லாம் ஆயில்.

"இது என்னண்ணே? இன்ஜினுக்குள்ள ஆயிலா, ஆயிலுக்குள்ள இன்ஜினா? இவ்வளவு இருந்தா அது எங்க போகும்? கிடைச்ச சந்துல எல்லாம் பீச்சிக்கிட்டு வரத்தான் செய்யும். நான் பாவம் சீல் மேல சீலா மாத்திக்கிட்டு இருக்கேன். யாரு ஊத்துறது?"

"நான்தான். அட்டையப் பாத்து, எவ்வளவு கொட்டிருக்கோ அவ்வளவுதான் ஊத்துவேன். எங்கப்பா கணக்கு."

"கொட்டினத மட்டும் ஊத்துனா அளவு ஏறாதுண்ணே. வேற யாரோ ஊத்துறாங்க."

"வேற யாரு ஊத்தப் போறா…"

சொல்லிக்கொண்டே நிறுத்தினார். விடியற்காலையில் இவர் உள்ளே கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே பானெட் திறக்கும் சத்தம் கேட்கும். தண்ணீர் ஊற்றுகிறான் என்று நினைத்திருந்தார். அட்டை மாற்றுகிறவன் அட்டையைப் பார்க்காமலா மாற்றியிருப்பான்? அவனும் அந்த அப்பாவுக்குப் பிறந்தவன்தானே. சாயங்காலம் இவர் பார்த்து ஊற்றிய அதே கறையைக் காலையில் அவன் பார்த்து மறுபடி ஊற்றியிருக்கிறான். இத்தனை காலமும்.

மெக்கானிக் புரிந்துகொண்டு சிரித்துவிட்டான். பிறகு இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சரியான அளவுக்குப் புது ஆயில் ஊற்றினான், சீலை மறுபடி மாற்றினான், புதுக் கம்பி ஒன்றும் போட்டான். ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை.

"உங்க தம்பிகிட்ட சொல்லிடுங்க. ஒருத்தர் ஊத்துனா போதும். நாளைக்கே அவரு ஊத்துனா பழையபடி ஆயிடும்."

"நீயே சொல்லிடேன்ப்பா."

"நானா? நான் இன்ஜினுக்குத்தான் பேக்கிங் போடுவேன். அண்ணன் தம்பிக்கெல்லாம் போடுறது இல்ல" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் தம்பி வந்து படியேறிப் போகும் சத்தம் கேட்டது. இவர் சட்டையை மாற்றினார். மறுபடி பழைய சட்டையையே போட்டுக்கொண்டார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். வேலையில் நாளெல்லாம் ஊரையே மேலே ஏற்றி இறக்குகிறவர், சொந்த வீட்டு மாடிக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. தம்பி உள்ளே துணியால் விரலில் ஒட்டிய பெயிண்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்து வாசலுக்கு வந்து நின்றான். தலையில் நரை, கழுத்தில் வெள்ளைப் பெயிண்ட் தெறித்திருந்தது. இவ்வளவு நரைத்துவிட்டானா என்று இவர் அந்தத் தலையையே பார்த்தார். படியில் வரும்போது சேர்த்து வைத்த வார்த்தை எல்லாம் போன இடம் தெரியவில்லை.

"மெக்கானிக் வந்திருந்தான்."

"ம்."

"ஆயில் அளவுக்கு மேல இருந்துச்சாம். அதான் வெளிய தள்ளிருக்கு. தினம் சாயங்காலம் நான் அட்டையப் பாத்து ஊத்துவேன்."

தம்பி துடைப்பதை நிறுத்தினான். "நீ ஊத்துறியா? நீ அதெல்லாம் பாக்குறதே இல்லன்னுல்ல நெனச்சேன். காலைல நான் ஊத்துறேனே!"

"தெரியும். இன்னைக்குத்தான் தெரியும்."

உள்ளேயிருந்து தம்பி மனைவி சத்தம் போட்டாள். "நல்லா இருக்கு! ஆயில் டப்பாவுக்குக்கூட ஒரு வாய் இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் அதுவும் இல்ல!"

தம்பியின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. இவருக்கும் அப்படித்தான். ஆனால் இரண்டு பேரும் ஒருவர் தொடங்கட்டும் என்று இன்னொருவர் இருந்ததில் அது அப்படியே அமுங்கிப் போனது.

"இனிமே ஊத்தாத. கம்பி போட்டிருக்கான். அதப் பாத்தா போதும்" என்றார்.

"சரி."

"விக்கிறதப் பத்தி…"

"ஒழுகலன்னா எதுக்கு விக்கணும்? இருக்கட்டும்."

இருக்கட்டும் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவர் ஏறி வந்தது. கிடைத்துவிட்டது. ஆனாலும் கால் நகரவில்லை. இன்னும் ஏதோ வரும் என்று நின்றார். "உள்ள வாங்க மாமா, நிக்குறீங்களே" என்று அவள்தான் சொன்னாள். இவர் தம்பியைப் பார்த்தார். அவன் விரலில் ஒட்டியிருந்த பெயிண்டை மறுபடி துடைக்கத் தொடங்கியிருந்தான். ஏற்கெனவே போய்விட்ட பெயிண்ட்.

"இருக்கட்டும்மா. இன்னொரு நாள் வர்றேன்" என்று திரும்பினார்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். ஒரு படிக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். படிக்கட்டு இருட்டாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் மேலேயிருந்து வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது. தம்பி இன்னும் கதவைச் சாத்தவில்லை. இவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் சாத்திவிடுவானோ என்று பயம். கடைசிப் படியிலிருந்து காலைத் தரையில் வைத்து, இரண்டு காலும் நேராக நின்ற பிறகுதான் மேலே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.